பீர் ஆலையும் கால்வாய்ப் படகும் ஒரே நாளில்: ஆம்ஸ்டர்டாமா, புரூஜா?

2025 ஏப்ரல் 6, வாசகர் கேள்வி

ஜூன் மாதம் பெற்றோருடன் பத்து நாள் ஐரோப்பா வருகிறோம். ஆம்ஸ்டர்டாமில் ஹைனெக்கன் ஆலையையும் கால்வாய்ப் படகுச் சவாரியையும் சேர்த்து ஒரே சீட்டாக விற்கிறார்கள். பெல்ஜியத்தின் புரூஜ் நகரிலும் இரண்டும் உண்டு என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எதற்குப் போகலாம்? எதை முதலில் பார்க்க வேண்டும்? அப்பா பீர் குடிப்பார், அம்மா குடிக்க மாட்டார்.

2025 ஏப்ரல் 6, மாலை

புரூஜுக்குப் போங்கள். நான் பெல்ஜியத்தில் வசிப்பதால் சொல்லும் பற்று அல்ல இது. நீங்கள் பார்க்க விரும்புவது பீர் காய்ச்சும் இடம் என்றால், அது இன்றும் காய்ச்சிக்கொண்டிருக்கும் இடமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆம்ஸ்டர்டாமில் ஸ்டாட்ஹவுடர்ஸ்காட சாலையில் உள்ள ஹைனெக்கன் கட்டடம் 1867இல் ஆலையாகத் திறக்கப்பட்டது. 1988இல் அங்கே காய்ச்சுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அது அந்த நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடம். புரூஜின் வால்ப்ளைன் சதுக்கத்தில் இருக்கும் டி ஹால்வ மான் ஆலையை 1856 முதல் மாஸ் என்ற ஒரே குடும்பம் வழிவழியாக நடத்திவருகிறது. ஊரின் பழைய மதிலுக்குள்ளேயே இன்றும் காய்ச்சுகிறார்கள். சந்துக்குள் நுழையும்போதே மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வேகும் மணம் மூக்கில் ஏறினால், அன்று காய்ச்சும் நாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு காரணம் தூரம். புரூஜில் ஆலையிலிருந்து அருகிலுள்ள படகுத்துறைக்கு மெதுவாக நடந்தாலே பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். படகும் ஏறத்தாழ அரை மணி நேரம்தான். பெற்றோருடன் வருபவர்களுக்கு இந்தச் சுருக்கம் பெரிய வசதி.

2025 ஏப்ரல் 7

ஆம்ஸ்டர்டாமை நான் ஒரே வரியில் தள்ளிவிட்டதாக இரண்டு பேர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது; அந்த ஊரைப் பற்றியும் முழுமையாகச் சொல்ல வேண்டும்.

ஹைனெக்கன் கட்டடத்தில் பழைய செம்புக் கொப்பரைகள் இருக்கும் கூடம் உண்மையிலேயே அழகானது. ஜெரார்ட் அட்ரியான் ஹைனெக்கன் 1864இல் 'வைக்கோற்போர்' என்று பொருள்படும் பெயர் கொண்ட பழைய ஆலையொன்றை வாங்கித் தொழிலில் இறங்கினார். பிறகு 1886இல், லூயி பாஸ்டரின் மாணவரான ஹார்டொக் எலியோன் அந்த நிறுவனத்துக்காகத் தூய ஈஸ்ட் வகையைப் பிரித்தெடுத்தார். அதன் வழிவந்த ஈஸ்ட்டைத்தான் அவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இவற்றைத் தெரிந்துகொண்டு போனால் ஒளியும் ஒலியுமாக இருக்கும் மற்ற அறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். படகு ஓடும் கால்வாய் வளையங்கள் 17ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டவை. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. அங்கே பெரும்பாலான படகுகள் கண்ணாடிக் கூரை போட்டவை என்பதால் மழையிலும் நனையாமல் போகலாம். சவாரியும் ஒரு மணி நேரம் நீளும். மழைக்கு அஞ்சுபவர்களுக்கு ஆம்ஸ்டர்டாம்தான் ஏற்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆம்ஸ்டர்டாமிலேயே காய்ச்சும் ஆலை வேண்டுமென்றால் ப்ரவுவரெய் டெய் இருக்கிறது. 1985இல் தொடங்கப்பட்டது. பழைய பொதுக் குளியலறைக் கட்டடத்தில், டி ஹோயர் என்ற உயரமான மரக் காற்றாலையை ஒட்டி அமைந்திருக்கிறது. எனக்கு அந்த ஊரில் பிடித்த இடம் அதுதான்.

2025 ஏப்ரல் 9

டி ஹால்வ மான் ஆலைக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வழிகாட்டி கூட்டிச் செல்லும் சுற்று முக்கால் மணி நேரம். தொடக்கத்தில் இன்றைய காய்ச்சும் அறையைக் காட்டிவிட்டு, அங்கிருந்து பழைய ஆலையின் மாடிகளுக்கு ஏற்றிச் செல்கிறார்கள். பார்லி முளைகட்டி, உலர்ந்து, மால்ட்டாகி, அரைபட்டு, வெந்நீரில் ஊறி, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ சேர்ந்து கொதித்து, ஆறி, ஈஸ்ட் சேர்ந்து நொதிக்கும் வரிசையை மாடி மாடியாகப் பார்க்கலாம். பழைய ஆலைகளை இப்படி உயரமாகக் கட்டியதற்குக் காரணம் உண்டு: மூட்டையை ஒருமுறை மேலே ஏற்றிவிட்டால், அதற்குப் பிறகு தானியமும் நீரும் தம் எடையாலேயே கீழ்நோக்கி இறங்கிவிடும், மின்விசைப் பம்புகள் வராத காலத்தில் அதைவிட மலிவான வழி வேறில்லை.

நான் அதிக நேரம் நின்று பார்ப்பது கூரைக்கடியில் இருக்கும் ஆற்றுத் தட்டத்தைத்தான். அகலமாகவும் ஆழமில்லாமலும் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கும் உலோகத் தட்டம் அது. புளியோதரைக்குச் சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுவதைப் போல, கொதித்த மால்ட் சாற்றை அதில் பரப்பி ஆறவிட்டிருக்கிறார்கள். சூட்டோடு ஈஸ்ட்டைச் சேர்த்தால் அது இறந்துவிடும் என்பதால் ஆற்றியே ஆக வேண்டும். ஆறும் நேரம் நீண்டால் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் விழுந்து புளிப்பேறிவிடும். இந்த இரண்டு அச்சங்களுக்கும் இடையில் ஒவ்வொரு கொதியையும் காப்பாற்றிய மனிதர்களின் கவனம் அந்த அறையில் நிற்கும்போது எனக்குப் புரிகிறது. இன்று அந்த வேலையை மூடிய குளிர்விப்பான் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. விளிம்பருகே குனிந்து தரையையும் பாருங்கள்; பலகைகளின் நடுப்பகுதி மட்டும் கால்பட்டுத் தேய்ந்திருக்கும்.

அதன் பிறகு கூரை மாடி. மணிக்கூண்டும், மாதா கோவிலின் செங்கல் கோபுரமும், சிவப்பு ஓட்டுக் கூரைகளும் ஒன்றாகத் தெரியும். மாதா கோவில் கோபுரம் 115 மீட்டருக்கு மேல் உயரமானது. செங்கல்லில் அவ்வளவு உயரம் எழுப்பியது உலகில் மிக அரிது. சுற்று முடிந்ததும் கீழே வந்து, சீட்டிலேயே அடங்கிய ஒரு கோப்பை ப்ரூக்ஸ ஸாட் கிடைக்கும். வடிகட்டாத பீர் என்பதால் சற்றுக் கலங்கலாக இருக்கும். கடையில் புட்டியில் கிடைப்பதைவிட அது மென்மையானது என்பது என் நாக்கின் தீர்ப்பு.

2025 ஏப்ரல் 9, இரவு

எழுத விட்டுப்போனது: ஆலைச் சுற்றில் மொத்தம் 220 படிகள். பல இடங்களில் ஏணி போலச் செங்குத்தாக இருக்கும். இறங்கும்போது சில படிகளில் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்க வேண்டும். முட்டுவலி உள்ளவர்களைக் கூட்டிச் செல்லாதீர்கள். புடவை கட்டிக்கொண்டும் ஏற வேண்டாம்.

2025 ஏப்ரல் 12

எதை முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். இதுதான் உண்மையான கேள்வி. ஆலைதான் முதலில் என்பது என் உறுதியான எண்ணம். கால்கள் களைக்குமுன் படி ஏறிவிடலாம் என்பது அதில் ஒரு பகுதி மட்டுமே. ஆலையைப் பார்த்துவிட்டுப் படகில் ஏறினால், கரையிலுள்ள கட்டடங்கள் வேறு விதமாகப் பேசத் தொடங்கும் என்பதே முக்கியக் காரணம்.

எடுத்துக்காட்டாக, மாதா கோவிலை ஒட்டிக் கால்வாய் திரும்பும் இடத்தில் க்ரூட்ஹூஸ மாளிகை நிற்கிறது. படகோட்டி அதைப் பெரும்பாலும் 'பணக்காரக் குடும்பத்தின் அரண்மனை' என்று சொல்லிக் கடந்துவிடுவார். அந்தக் குடும்பம் எப்படிப் பணக்காரக் குடும்பம் ஆயிற்று என்பதில்தான் கதை இருக்கிறது. ஹாப்ஸ் பரவுவதற்கு முன்பு பீருக்குச் சுவையும் கசப்பும் தந்தது க்ரூட் என்ற மூலிகைக் கலவை. சதுப்பு நிலத்தில் வளரும் மணமுள்ள மிர்ட்டில் இலை அதில் முக்கியமானது. ஊரில் யார் பீர் காய்ச்சினாலும் இந்தக் கலவையை உரிமை பெற்றவரிடமிருந்துதான் வாங்க வேண்டும். புரூஜில் அந்த உரிமை இந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. ஹாப்ஸ் வந்து க்ரூட் தேவையற்றுப் போனபோதும் வருமானம் நின்றுவிடவில்லை. உரிமை பீர் மீதான வரியாக மாறிக்கொண்டது. குடும்பத்தின் செல்வாக்கு எவ்வளவு பெரியது என்றால், இங்கிலாந்தின் நான்காம் எட்வர்ட் மன்னர் அரியணை இழந்து ஓடிவந்த 1470-71 குளிர்காலத்தில் அவருக்கு அடைக்கலம் கொடுத்தவர் இந்த வீட்டின் லூயிதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். காலையில் ஆலையில் ஹாப்ஸ் பூவைக் கையில் நசுக்கி முகர்ந்தவர், மதியம் அந்த மாளிகையின் சுவரை நீரிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது, அத்தனை கல்லும் ஒரு பிடி மூலிகையில் எழுந்தது என்பதை உணர்வார். வரிசையை மாற்றினால் இந்த இணைப்பு அறுந்துபோகும். ஆலையையும் படகையும் ஒரே நாளில் சேர்க்கச் சொல்வதற்கு நேரமும் பணமும் மிச்சமாகும் என்பதைவிட இதையே பெரிய காரணமாகக் கருதுகிறேன்.

2025 ஏப்ரல் 15

'கால்வாய் நீரில்தான் அந்தக் காலத்தில் பீர் காய்ச்சினார்கள், அதனால்தான் ஆலைகள் கரையோரம் இருக்கின்றன' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. எல்லா ஊருக்கும் பொருந்தாது. கரையோரம் இருந்தால் தானியமும் விறகும் பீப்பாய்களும் படகில் வந்திறங்கும் என்பது சரி. காய்ச்சும் நீர் வேறு செய்தி. தோல் பதனிடுபவர்களும் சாயம் தோய்ப்பவர்களும் கழிவைக் கொட்டிய கால்வாயில் நல்ல பீர் எப்படிக் கிடைக்கும்? புரூஜில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஈயக் குழாய்களை நிலத்தடியில் பதித்து நீர் வழங்கினார்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இது பெரிய சாதனை.

ஆம்ஸ்டர்டாமின் நிலைமை இன்னும் கடினமானது. அங்கே அந்தக் காலத்துக் கால்வாய் நீரில் உப்பும் இருந்தது, அழுக்கும் இருந்தது. அதனால் பீர் காய்ச்சுபவர்கள் ஃபெக்ட் ஆற்றிலிருந்து நன்னீரைப் படகுகளில் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். கடுங்குளிரில் ஆறு உறைந்துவிட்டால் ஆலை நின்றுவிடும் என்பதற்காக, குதிரைகளைப் பூட்டி இழுக்கும் பனிக்கட்டி உடைக்கும் படகொன்றையும் அவர்கள் சேர்ந்து வைத்திருந்தார்கள். ஹார்லம் பக்கத்து மணற்குன்றுகளின் நீர் குழாய் வழியாக நகருக்கு வந்தது 1853இல்தான். ஹைனெக்கன் தொழில் தொடங்கியது அதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து என்பதைக் கவனியுங்கள்.

ஏப்ரல் 7 அன்று ஆம்ஸ்டர்டாமைப் பற்றி எழுதியபோது இதைச் சொல்லியிருந்தால் அந்த ஊருக்கு இன்னும் நியாயம் செய்திருப்பேன். 1323இலேயே ஹாம்பர்க் பீருக்குச் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஹாலந்துப் பிரபு அந்த ஊருக்கு அளித்தார். அது வளர்ந்ததில் அந்தப் பீர்ச் சுங்கத்துக்கும் பங்கு உண்டு. ஆகவே அங்கும் படகையும் பீரையும் சேர்த்துப் பார்ப்பதற்கு வரலாற்றுப் பொருத்தம் உண்டு. விற்கும் சீட்டில்தான் அது காணப்படுவதில்லை.

2025 ஏப்ரல் 16

குழாய் என்றதும் பலருக்கும் நினைவு வந்தது புரூஜின் பீர்க் குழாய். அதைப் பற்றிய தவறான செய்திகளும் கூடவே வந்துவிட்டன. வீடுகளுக்குப் பீர் வழங்கும் குழாய் அல்ல அது. ஆலை தன் புட்டி நிரப்பும் பிரிவை 2010இல் ஊருக்கு வெளியே மாற்றிவிட்டது. காய்ச்சிய பீரை டாங்கர் லாரிகளில் கல் பாவிய சந்துகள் வழியே கொண்டுபோக வேண்டியிருந்தது. காய்ச்சுவதையும் வெளியே மாற்றிவிடுவது எளிய வழி. அப்படிச் செய்யாமல், மாஸ் குடும்பத்து மகள் வழி வந்த உரிமையாளர் சேவியர் வான்னெஸ்ட் ஊருக்கடியிலேயே 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் குழாய் பதித்தார். 2016 செப்டம்பரில் அது ஓடத் தொடங்கியது. மணிக்கு 4,000 லிட்டர் செல்லும். செலவின் ஒரு பகுதியைப் பொதுமக்களிடம் நன்கொடையாகத் திரட்டினார்கள்; மிக அதிகத் தொகை கொடுத்தவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் நாளுக்கு ஒரு புட்டி பீர் என்பது கைம்மாறு. ஆலைக்கு அருகே தெருவில் ஓரிடத்தில் கண்ணாடி மூடி வைத்திருக்கிறார்கள். அதன் வழியே குழாயைப் பார்க்கலாம்.

குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவை அங்கே கூட்டிச் சென்றேன். அவர் பீர் தொடுவதில்லை. எல்லோரும் மூடியைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, அவர் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வெயிலை மறைத்து உள்ளே பார்த்துவிட்டு, "இதை எப்படிக் கழுவுறாங்க?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. சர்க்கரையும் ஈஸ்ட்டும் எச்சமாகத் தங்கினால் மூன்று கிலோமீட்டரும் கெட்டுப்போகும். உணவுக்கு உகந்த பாலிஎத்திலின் குழாய், ஒரு வகை முடிந்து அடுத்த வகை வருமுன் கழுவி விடுகிறார்கள் என்று வழிகாட்டி விளக்கினார். அதற்குப் பிறகு சித்தப்பா படகிலும் கரைச் சுவர்களில் எங்கெங்கே வடிகால் வாய் திறக்கிறது என்றே பார்த்துக்கொண்டு வந்தார். குடிக்காதவருக்கு ஆலையில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுவே: எப்படி ஓடுகிறது, எப்படிக் கெடாமல் இருக்கிறது என்ற ஆர்வம் இருந்தால் போதும்.

உங்கள் அம்மாவுக்காக ஒரு குறிப்பு. அதே ஆலை ஸ்போர்ட்ஸாட் என்ற பீரையும் செய்கிறது. அதில் 0.4 விழுக்காடு மது உண்டு. அறவே தொடாதவர் என்றால் அதையும் தவிர்த்துவிட்டுப் பழச்சாறு கேளுங்கள்.

2025 ஏப்ரல் 22

வரிசையைப் பற்றி மேலும் யோசித்தேன். ஏப்ரல் 12 அன்று சொன்னது நன்றாக நடக்கக்கூடியவர்களுக்கு. நீங்கள் பெற்றோருடன் வருவதால், இரண்டு குழுவாகப் பிரிந்துகொள்வது நல்லது என்று இப்போது தோன்றுகிறது. அப்பாவும் நீங்களும் காலையில் முதல் சுற்றிலேயே ஆலைக்குச் சென்றுவிடுங்கள். சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுவது உத்தமம். அந்த நேரத்தில் அம்மாவை ஆலைக்கு அருகிலுள்ள பெகைன்ஹோஃபில் உட்காரவைக்கலாம். 1245இல் நிறுவப்பட்ட அந்தப் பெண்கள் மடம் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. வெள்ளை வீடுகளுக்கு நடுவில் உயர்ந்த மரங்கள், வசந்தத்தில் புல்வெளி முழுவதும் மஞ்சள் டாஃபடில் பூக்கள். அமைதி காக்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள், எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள். துணைக்கு யாராவது ஒருவர் அம்மாவோடு இருக்கட்டும்.

அதன் பிறகு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படகுக்குப் போகலாம். படகு அம்மாவுக்கும் ஏற்றது. துறையில் சில படிகள் இறங்கினால் போதும், கை கொடுத்து ஏற்றிவிடுவார்கள். ஊருக்குள் படகுத்துறைகள் ஐந்து உண்டு. எல்லாப் படகுகளும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போகின்றன. ஆகவே ரோசன்ஹுட்காய் முனையில் நீண்ட வரிசையைக் கண்டால் அடுத்த துறைக்கு நடந்துவிடுங்கள். மார்ச் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை ஓடும். ஜூன் மாதத்தில் நண்பகல் கூட்டம் மிக அதிகம். சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு, மாலை நாலரை மணிக்கு மேல் ஏறுவது நல்லது. வெளிச்சமும் அப்போதுதான் செங்கல் மீது சாய்வாக விழும்.

படகுகள் திறந்தவை. மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். பாலத்தடியில் எல்லோரும் ஒரே நேரத்தில் குடையை மடக்கித் தலையையும் குனிந்தாக வேண்டும். சில பாலங்களின் கீழ்க்கல் கைக்கெட்டும் உயரத்தில் வந்துபோகிறது. பாசி படிந்த அந்தக் கல்லில் நீரின் ஒளி அலையலையாக ஆடுவதைப் பார்க்கத் தவறாதீர்கள். கரையில் நடப்பவர்களுக்கு அது தெரியாது.

2025 ஏப்ரல் 23

ஆலையில் பீர் குடித்த கையோடு படகில் ஏறாதீர்கள். படகில் கழிவறை கிடையாது. ஆலையிலேயே போய்விட்டு வாருங்கள். இதை வெட்கப்படாமல் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதைப் போலவே இன்னொன்று: நாம் பழகிய பீரில் மது ஐந்து விழுக்காட்டை ஒட்டியது. ப்ரூக்ஸ ஸாட் ப்ளாண்ட் 6, அதன் கருஞ்சிவப்பு வகை 7.5, அதே ஆலையின் ஸ்ட்ராஃப ஹென்ட்ரிக் ட்ரிப்பல் 9, க்வாட்ருப்பல் 11. 'ஸ்ட்ராஃப' என்றால் வலுவான என்று பொருள்; பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. வெறும் வயிற்றில் ஒரு ட்ரிப்பலைக் குடித்துவிட்டு ஆடும் படகில் உட்காருவது அப்பாவின் வயதில் நல்லதல்ல. கார் ஓட்டுபவர் அறவே தொடக்கூடாது. பெல்ஜியத்தில் வரம்பு இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம். ப்ரஸ்ஸல்ஸிலிருந்து ரயில் ஒரு மணி நேரம்தான், அதிலேயே வந்துவிடுங்கள்.

2025 மே 2

ஆலைக்கும் படகுக்கும் சேர்த்து விற்கும் சீட்டை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஊரையும் விற்றவரையும் சொல்ல விரும்பவில்லை. ஆலைக்கும் படகுக்கும் சேர்த்து ஓர் இடைத்தரகரின் தளத்தில் சீட்டு வாங்கினேன். ஆலைக்கு நேரம் குறித்திருந்தது. படகுக்கு 'அன்றைய நாளில் எப்போது வேண்டுமானாலும்' என்று போட்டிருந்தது. துறைக்குப் போனபோது, அந்தச் சீட்டை வேறொரு துறையில் மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்றார்கள். அங்கே போனபோது கடைசிப் படகுக்கு இடமில்லை. கூட வந்திருந்த என் மாமியார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அவர் அந்தப் பயணத்தில் ஆவலோடு காத்திருந்தது படகுக்காகத்தான். அந்த மாலையை அவருக்குத் திருப்பித் தர முடியாதே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

சேர்த்து விற்பதால் கிடைக்கும் தள்ளுபடி பெரும்பாலும் சிறியது. அதற்கு ஈடாக நாம் கொடுப்பது நம் நேரத்தின் மீதான உரிமை. புரூஜில் படகுச் சீட்டைத் துறையிலேயே வாங்கிக்கொள்ளலாம். வானத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க முடியும். ஆலைச் சீட்டை மட்டும் முன்பதிவு செய்யுங்கள்.

2025 மே 10

க்ரூட் மூலிகையில் காய்ச்சிய பீரை இன்று எங்காவது குடிக்க முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முடியும், ஆனால் கென்ட் நகருக்குப் போக வேண்டும். புரூஜுக்கும் ப்ரஸ்ஸல்ஸுக்கும் நடுவில் ரயில் நிற்கும் ஊர் அது. 2009இல் அன்னிக் டி ஸ்ப்ளெண்டர் அங்கே க்ரூட் என்ற பெயரிலேயே சிற்றாலை ஒன்றைத் தொடங்கினார். ஹாப்ஸுக்குப் பதில் மூலிகைக் கலவை சேர்த்துக் காய்ச்சுவது அவருடைய தனித்தன்மை. கசப்பு நாக்கின் ஓரத்தில் நிற்பதில்லை. மணம் முன்னே வருகிறது. ஹாப்ஸுக்குப் பழகிய நாக்கு முதல் மிடறில் தயங்கும்.

கென்டின் படகுகள் க்ராஸ்லெய், கோரன்லெய் என்ற இரு கரைகளுக்கு நடுவிலிருந்து கிளம்புகின்றன. அங்கே தானியக் கிடங்குகளைப் பாருங்கள். லெய் ஆற்றில் வரும் தானியத்தில் ஒரு பங்கை ஊரில் இறக்கியே ஆக வேண்டும் என்ற உரிமையை கென்ட் வைத்திருந்தது. புரூஜில் மூலிகை, ஆம்ஸ்டர்டாமில் சுங்கம், கென்டில் தானியம் என்று மூன்று ஊரிலும் பீரோடு ஒட்டிய உரிமைகளும் வரிகளும் கரைகளில் கல் வீடுகள் எழ உதவின. கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு நான் கென்டையே சொல்வேன். ஆனால் முதன்முறை வருபவர்களைப் புரூஜைத் தவறவிடச் சொல்ல மனம் வரவில்லை.

2025 மே 11

படகோட்டிகள் சொல்லும் அன்னப்பறவைக் கதை உண்மையா என்று கேட்டவருக்கு: பீட்டர் லாங்ஹால்ஸ் (பெயருக்கே 'நீண்ட கழுத்து' என்று பொருள்) என்ற அதிகாரியை 1488இல் புரூஜ் மக்கள் தலைவெட்டிக் கொன்றது வரலாறு. அவருடைய எசமானான ஆஸ்திரியாவின் மாக்ஸிமிலியனையும் அந்த ஆண்டில் ஊருக்குள் சிறைவைத்தார்கள். அதற்குத் தண்டனையாக, நீண்ட கழுத்துள்ள அன்னங்களை என்றென்றும் வளர்க்க வேண்டும் என்று அவர் ஆணையிட்டார் என்பது மரபுவழிக் கதை. ஆலையில் ப்ரூக்ஸ ஸாட் ('புரூஜின் கிறுக்கன்') பீருக்குச் சொல்லும் பெயர்க் கதையிலும் இதே மாக்ஸிமிலியன்தான் வருவார். மனநல விடுதி கட்ட அனுமதி கேட்ட ஊராரிடம், 'ஊர் வாசலை மூடுங்கள், அதுவே விடுதி' என்று அவர் சொன்னதாகக் கதை. ஆலையில் கேட்ட பெயரைப் படகில் மறுபடியும் கேட்கும்போது கவனித்துக்கொள்ளுங்கள்.

2025 மே 18

அரை மணி நேரச் சவாரி போதவில்லை, இன்னும் நீளமான கால்வாய்ப் பயணம் உண்டா என்று கேள்வி கேட்டவரே மறுபடி எழுதியிருக்கிறார். உண்டு. ஊரின் வடகிழக்கு விளிம்பில் நோர்வேக்ஸ காய் என்ற கரையிலிருந்து லாம கூட்ஸாக் என்ற சக்கரப் படகு டாம என்ற சிற்றூருக்குப் போகிறது. ஒரு வழிப் பயணம் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். அந்தக் கால்வாயை நெப்போலியனின் ஆணைப்படி ஸ்பானியப் போர்க்கைதிகளைக் கொண்டு வெட்டினார்கள். இரு கரையிலும் நெட்டிலிங்கம் போல் உயர்ந்த பாப்லர் மரங்கள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். டாம ஒரு காலத்தில் புரூஜின் வெளித்துறைமுகம். ஸ்வின் என்ற கடல்நீர்க் கழி தூர்ந்துபோனதும் கப்பல்கள் ஆண்ட்வெர்ப்புக்கு மாறிவிட, இரண்டு ஊரும் உறங்கிப்போயின. புரூஜ் இன்றும் பழைய ஊராகவே இருப்பதற்கு அந்தத் தூர்வுதான் முதற்காரணம்.

ஆனால் ஆலை, ஊருக்குள் படகு, டாமப் படகு என்று மூன்றையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். இரவு தங்க முடிந்தால் டாமவை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தங்க முடியாவிட்டால் அதை விட்டுவிட்டு, காலையில் ஆலை, மதியம் நிதானமாகச் சாப்பாடு, மாலை நாலரைக்கு மேல் படகு என்று வைத்துக்கொண்டால், ஏழு மணி ரயிலுக்கு மின்னவாட்டர் ஏரிக்கரை வழியாகவே நிலையத்துக்கு நடந்துபோய்விடலாம்; பதினைந்து நிமிடம், மேடு பள்ளம் கிடையாது, அம்மாவுக்கும் சிரமம் இராது.